மேடை மூடிய காலத்தில் சென்னையின் சுயாதீன இசை: 2020 முதல் 2022 வரை ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னையின் சுயாதீன இசை எங்கே உயிரோடு இருக்கிறது என்று யாராவது கேட்டால், நிகழ்ச்சியில் முதலில் மேடையேறும் குழுவைத்தான் நான் காட்டுவேன். தெரிந்த பேண்ட் ஒன்றைக் கேட்கப் போயிருப்போம். அவர்கள் சவுண்ட் செக் முடித்துவிட்டு எங்கேயோ ஒதுங்கியிருப்பார்கள். அதற்குள் பெயரே கேள்விப்படாத மூன்று நான்கு பேர் ஏறி அரை மணி நேரம் வாசிப்பார்கள். பாதிக் கூட்டம் இன்னும் வந்திருக்காது. அந்த அரை மணி நேரத்தில் மனதில் ஒட்டிக்கொண்ட பெயரைத்தான் அடுத்த வருஷம் டிக்கெட் வாங்கிப் போய்க் கேட்போம். நிகழ்ச்சி முடிந்ததும் வெளியே டீக்கடையில் அவர்களுடைய டிரம்மர் நிற்பார். இன்னும் இரண்டு குழுக்களில் அவரே வாசிக்கிறார் என்பது அங்கேதான் தெரியவரும்.

2020 மார்ச்சில் அறுந்தது இந்தச் சங்கிலி. பாட்டுகள் பிறகும் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் ஒரு பெயரிலிருந்து அடுத்த பெயருக்குப் போகும் வழி அடைபட்டுப் போனது. மேடை இல்லாத அந்தக் காலத்தில் ஊர் இசையோடு தொடர்பில் இருக்க எது உதவியது, எது உதவவில்லை, யார் நம் கண்ணுக்கே படாமல் போனார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன். 2020 மார்ச் 25 அன்று நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியதிலிருந்து 2022 கோடைவரை எடுத்துக்கொள்கிறேன். என் இடம் ரசிகர்களின் பக்கம். கருவி எதுவும் வாசிப்பவன் இல்லை.

அதற்கு முன் இருந்தது என்ன

தமிழ்நாட்டில் பாட்டு என்றாலே சினிமாப் பாட்டுதான். தனியார் பண்பலை வானொலிகள் நாள் முழுக்கப் போடுவதும் அதைத்தான். ஆகவே சினிமாவுக்கு வெளியே சொந்தப் பாட்டு எழுதுபவர்களுக்கு வானொலியும் கிடையாது, தொலைக்காட்சியும் கிடையாது. அவர்களுக்கு இருந்தது இடங்கள்தான். அடையாறில் இளைஞர்கள் கூடி வாசிக்கும் அன்வைண்ட் சென்டர், நுங்கம்பாக்கம் காலேஜ் ரோட்டில் பிரெஞ்சுப் பண்பாட்டு மையமான ஆலியான்ஸ் பிரான்சேஸ், பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய ஸ்பேசஸ், ஆண்டுக்கு ஒருமுறை ஊரூர் ஆல்காட் குப்பத்து விழா. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 21 வந்தால் பிரான்சில் 1982-இல் தொடங்கிய இசை நாளை ஆலியான்ஸில் கொண்டாடுவார்கள். புதிய குழுக்களுக்கு அது நல்ல வாசல்.

முதலில் ஆங்கிலத்தில் பாடும் ராக் குழுக்களே அதிகம். ஜங்க்யார்ட் குரூவ், ஸ்க்ராட், தி எஃப்16ஸ் எல்லாம் அந்த வரிசை. இன்னொரு பக்கம் தமிழ் மெல்ல உள்ளே வந்தது. பிரதீப் குமாரும் தர்புகா சிவாவும் இருந்த லா பொங்கல், ஷான் ரோல்டனும் அவர் நண்பர்களும், டென்மாவும் கபேர் வாசுகியும் சேர்ந்து நடத்திய குரங்கன் என்று ஒரு தொடர்ச்சி அதில் உண்டு. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முறையாக மேடையேறியபோது அந்தத் தொடர்ச்சி வேறொரு இடத்துக்குப் போனது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் டென்மாவோடு சேர்ந்து உருவாக்கிய 19 பேர் கொண்ட குழு அது. கானா, பறை, ராக், ராப் நான்கும் ஒரே மேடையில் இருந்தன. வடசென்னையின் சாவு வீட்டுப் பாட்டுக்காரர்களும் எலெக்ட்ரிக் கிதார்க்காரர்களும் சமமாக நின்றார்கள். அதுவரை சென்னையில் “இண்டி”, அதாவது சுயாதீன இசை, என்றால் யாருடைய இசை என்ற கேள்வியே எழுந்ததில்லை. அந்த இரவுக்குப் பிறகு அதைத் தவிர்க்க முடியவில்லை. இந்த ஆய்வின் பின்பாதிக்கு அந்தக் கேள்வி அவசியம் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

வருமானம் எங்கிருந்து வந்தது

சொந்தப் பாட்டு பாடும் ஒருவர் சொந்தப் பாட்டை நம்பிச் சாப்பிட்டது அபூர்வம். ஜனவரி முதல் மார்ச் வரை கல்லூரி விழாக்கள், வார இறுதியில் ஹோட்டல்களிலும் பார்களிலும் கவர் பாட்டு (பிறர் பாட்டைப் பாடுவது), கம்பெனி நிகழ்ச்சி, கல்யாண ரிசப்ஷன், சினிமாப் பாட்டுப் பதிவில் வாசிப்பது, வீட்டில் பிள்ளைகளுக்கு கிதாரோ கீபோர்டோ சொல்லிக்கொடுப்பது. இதையெல்லாம் கூட்டிக் கட்டியதுதான் வாழ்க்கை. அதில் மிஞ்சும் காசில் ஜாம் ரூமுக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்துப் பயிற்சி நடக்கும்.

2020 மார்ச் மூன்றாம் வாரத்தில் இவற்றில் ஏறக்குறைய எல்லாமே ஒன்றாக நின்றன. திரையரங்குகள் மூடின, மார்ச் 19-ஆம் தேதியோடு படப்பிடிப்புகளும் நின்றன, கல்யாணக் கூட்டத்துக்கும் வரம்பு வந்தது. தப்பிப் பிழைத்தது வகுப்பு மட்டும்தான். அதுவும் ஸூம் வழியாக. அந்த மாதங்களில் ஒரு பேஸ் கிதார்க்காரருக்கு நேரடியாக உதவ நினைத்த ரசிகருக்கு நல்ல வழி, அவரிடம் வகுப்பில் சேர்வதுதான் என்று நான் இன்றும் நம்புகிறேன். பாட்டை ஆயிரம் முறை ஓடவிட்டாலும் வராத தொகை ஒரு மாத வகுப்புக் கட்டணத்தில் அவருக்குப் போய்ச்சேரும். அவர் இப்போது என்ன வாசிக்கிறார், யாரோடு பேசுகிறார், என்ன எழுதுகிறார் என்ற சேதியும் கூடவே வரும்.

திரையில் நடந்தவை

முதல் சில வாரங்கள் இன்ஸ்டாகிராம் நேரலைகளின் வெள்ளம். படுக்கையறையில் உட்கார்ந்து ஒருவர் ஒரு கிதாரோடு பாடுவார், பக்கத்தில் இதயங்கள் பறக்கும். ஆரம்பத்தில் அது நெகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் மே மாதத்துக்குள் அலுத்துவிட்டது. அதற்கு ரசிகர்களைக் குறை சொல்ல முடியாது. தனியாக ஒருவர் பாடுவதை மட்டுமே அந்த வடிவம் தாங்கும். குழுவாக வாசிப்பது அதில் முடியாது.

ஏன் முடியாது என்பது பலருக்குத் தெரியாது. ஒலி காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகிறது. மேடையில் பத்து மீட்டர் தள்ளி நிற்கும் டிரம்மரின் அடி கிதார்க்காரர் காதுக்கு வர சுமார் 30 மில்லி நொடி ஆகும். அந்த அளவு தாமதம்வரை மனிதர்கள் சமாளித்துத் தாளம் பிடிப்பார்கள், அதைத் தாண்டினால் வேகம் இழுபடத் தொடங்கும். வீடியோ அழைப்பில் ஒலி போய்ச்சேர அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகிறது. மயிலாப்பூரில் இருக்கும் டிரம்மரும் பெரம்பூரில் இருக்கும் பாடகியும் ஸூமில் ஒரே நேரத்தில் ஒரு பாட்டை வாசிக்கவே முடியாது. அந்தக் காலத்தில் நாம் பார்த்த, கட்டம் கட்டமாகப் பிரிந்த “சேர்ந்து வாசிக்கும்” வீடியோக்கள் எல்லாம் ஒவ்வொருவரும் தனித்தனியாக, தாளம் பிசகாமலிருக்க காதில் ஓடும் தட்டொலியான கிளிக் ட்ராக்கைக் கேட்டுக்கொண்டு பதிவு செய்து, பிறகு யாரோ ஒருவர் இரவெல்லாம் உட்கார்ந்து ஒட்டியவை. அதில் உழைப்பு இருந்தது, சில அழகாகவும் இருந்தன. ஆனால் ஒருவர் வாசிப்பதைக் கேட்டு இன்னொருவர் அந்த நொடியிலேயே மாறும் அந்த விஷயம் அங்கே இல்லை. ஒரு பேண்டைப் பேண்டாக ஆக்குவது அதுதான்.

டிக்கெட் போட்ட ஆன்லைன் நிகழ்ச்சிகளும் வந்தன. பெரிய பெயர்களுக்கு அது ஓரளவு கைகொடுத்தது. முதலில் மேடையேறும் அந்தப் புதுக் குழுவுக்கு அங்கே இடமே இல்லை. அரங்கில் என்றால் கதவைத் தாண்டி உள்ளே வந்தவர் காத்திருந்துதான் ஆக வேண்டும். லிங்க்கில் அப்படி யாரும் காத்திருக்க மாட்டார்கள், தனக்குத் தெரிந்தவர் வரும் நேரத்தில் நுழைவார்கள்.

நேரலைகளைவிட எனக்கு அதிகம் பயன்பட்டவை பேச்சுகள். ஒரு பாட்டை எப்படி எழுதினோம், எந்தத் தாளத்தில் தொடங்கி எதில் முடித்தோம், வீட்டிலேயே போர்வையைத் தொங்கவிட்டு எப்படிக் குரல் பதிவு செய்தோம் என்று இசைக்கலைஞர்கள் ஒருவரோடு ஒருவர் சாவகாசமாகப் பேசிக்கொண்ட பதிவுகள். மேடை இருந்தபோது அவர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் இருந்ததில்லை.

பெயர்களைப் பிடித்துக்கொண்டு

ஸ்ட்ரீமிங் செயலிகளுக்கு ஊர் தெரியாது. ஸ்பாட்டிஃபையில் ஒரு கலைஞரின் பக்கத்தில் எந்தெந்த நகரங்களில் அதிகம் கேட்கிறார்கள் என்று பார்க்கலாம். ஆனால் அது கேட்பவர்களின் ஊர். வாசிப்பவரின் ஊரை வைத்துத் தேட வழியில்லை. “உங்களுக்குப் பிடிக்கலாம்” என்று அது கொடுக்கும் பட்டியலில், சென்னைக் குழு ஒன்றுக்கு அடுத்தபடியாக மும்பையோ மெல்போர்னோ வரும். ஒலியில் ஒத்துப்போகும்தான், ஆனால் அந்த ஆட்களை நான் எந்த டீக்கடையிலும் பார்க்கப்போவதில்லை.

எனக்கு உதவியது கிரெடிட். யூடியூபில் வீடியோவுக்குக் கீழே இருக்கும் விவரப் பெட்டியைத் திறந்து, யார் டிரம்ஸ், யார் மிக்ஸிங், யார் மாஸ்டரிங், எந்த ஸ்டுடியோ, அட்டைப் படம் யார் வரைந்தது என்று முழுக்கப் படிப்பது. அந்தப் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றையும் தனியாகத் தேடுவது. ஒரு டிரம்மரின் பெயரைத் தேடினால் அவர் வாசிக்கும் மூன்றாவது குழு கிடைக்கும், அந்தக் குழுவின் மிக்ஸிங் இன்ஜினியரைத் தேடினால் அவரே தன் பெயரில் எங்கோ போட்டுவைத்த இரண்டு பாட்டுகள் கிடைக்கும். டீக்கடையில் நடந்துகொண்டிருந்த வேலையைத்தான் இந்த நோட்டு செய்தது. வேகம் மட்டும் குறைவு.

கலைஞர்கள் தங்கள் இசையை ரசிகர்களுக்கு நேரடியாக விற்கும் இணையதளமான பேண்ட்கேம்பில் இது இன்னும் சுலபம். அங்கே கலைஞர்கள் தங்கள் ஊரைக் குறிப்பிடலாம், ஊர்ப்பெயரை வைத்துத் தேடலாம். 2020 மார்ச் 20 அன்று அந்தத் தளம் தன் பங்கை விட்டுக்கொடுத்து ஒரு நாள் விற்பனை நடத்தியது. வழக்கமாக டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதமும் பொருட்களில் 10 சதவீதமும் எடுத்துக்கொள்வார்கள், அன்று எதுவும் எடுக்கவில்லை. உலகெங்கும் ரசிகர்கள் அந்த ஒரே நாளில் 43 லட்சம் டாலருக்கு இசை வாங்கினார்கள். பிறகு மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை என்று அது வழக்கமானது. ஆனால் சென்னையில் எல்லோரும் பேண்ட்கேம்பில் இல்லை. தமிழில் பாடுபவர்கள் பெரும்பாலும் யூடியூபோடு நின்றுகொண்டார்கள். கலைஞர்களுக்குப் பேண்ட்கேம்ப் பணம் அனுப்புவது பேபால் வழியாக. அந்த பேபாலும் இந்தியாவுக்குள்ளான பரிமாற்றச் சேவையை 2021 ஏப்ரல் 1-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. சரி, கலைஞரிடமே கேட்டு யுபிஐயில் அனுப்பிவிடலாம் என்று முடிவுசெய்தேன். அதில் இன்னொரு நன்மை, அவரோடு இரண்டு வார்த்தை பேச முடிந்தது.

கிரெடிட் படிப்பது ரசிகரின் பொழுதுபோக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். 2021 மார்ச் 7 அன்று மாஜா என்ற இசை நிறுவனத்தின் முதல் வெளியீடாக “என்ஜாய் எஞ்சாமி” வந்தது. சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு, பாடியவர்கள் பாடகி தீயும் ராப் பாடகர் அறிவும், வரிகள் அறிவு எழுதியவை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துவிட்டுத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் கதை அதில் இருக்கிறது என்று அவர் சொன்னார். மேடை மூடிய காலத்தில் சினிமாவுக்கு வெளியே பிறந்து உலகம் முழுக்கப் போன தமிழ்ப் பாட்டு அது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா. ரஞ்சித் அதை வெளிப்படையாகக் கேட்டார். பெரிய விவாதம் நடந்தது. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு இதுவரை வருமானமே வரவில்லை என்று பொதுவில் சொன்னார். இவ்வளவு பெரிய பாட்டுக்கே பெயரும் பணமும் இப்படி என்றால், ஆயிரம் பேர் கேட்ட பாட்டில் சட்டி மேளம் அடித்தவரின் நிலை என்ன? 2012-இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத பங்கு கொடுக்கிறது. ஆனால் பெயரே பதிவாகாத ஆளுக்கு எந்தச் சட்டமும் எதையும் வாங்கிக் கொடுக்காது.

நோட்டில் ஏறாத பெயர்கள்

என் நோட்டில் இருந்தவர்கள் எல்லோரும் இணையத்தில் இருந்தவர்கள். இந்த முறையின் பெரிய ஓட்டை அதுதான், இதைச் சொல்லாமல் இந்த ஆய்வை முடிக்க முடியாது.

ஊரடங்கு விழுந்த நேரத்தைப் பாருங்கள். பங்குனி. அடுத்து சித்திரை, வைகாசி, பிறகு ஆடி. பறை, நையாண்டி மேளம், கரகாட்டம், தெருக்கூத்து எல்லாவற்றுக்கும் ஆண்டுச் சோறு போடும் சீசன் இது. மதுரையில் மீனாட்சி திருக்கல்யாணமே 2020 மே 4 அன்று கூட்டமில்லாமல் நடந்து இணையத்தில் ஒளிபரப்பானது. அடுத்த ஆண்டும் சித்திரைத் திருவிழா பக்தர்கள் இல்லாமல்தான். சாமி கல்யாணத்துக்கே இதுதான் கதி என்றால் சின்ன ஊர் அம்மன் கொடைக்கு வரும் மேளக்காரருக்கு அட்வான்ஸ் எங்கிருந்து வரும்? இரண்டு சீசன் தொடர்ந்து போனது.

சென்னைக்குள்ளேயே கானாவை எடுத்துக்கொள்ளலாம். கானா பிறந்து வளர்ந்த இடம் சாவு வீடு. இரவு முழுக்க, இறந்தவரைப் பற்றி, அந்தத் தெருவைப் பற்றிப் பாடுவார்கள். இறுதிச் சடங்குக்கு 20 பேருக்கு மேல் கூடக்கூடாது என்று விதி வந்தபோது அந்த மேடையும் போய்விட்டது. ஊரில் சாவு அதிகமாக இருந்த காலத்தில் சாவுப் பாட்டு நின்றுபோனது எனக்கு மிகவும் கனமான விஷயமாகப் படுகிறது. இறந்தவர்களைப் பாடி அனுப்ப ஆள் இல்லை, பாடுபவருக்கு அன்றைய கூலியும் இல்லை. 2020 நவம்பரில் காஸ்ட்லெஸ் கலெக்டிவின் கானா பாடகி இசைவாணி பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் வந்தார். மனதார மகிழ்ந்தேன். ஆனால் அதே மாதத்தில் வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் எத்தனையோ பாடகர்கள் வேறு வேலை தேடிக்கொண்டிருந்திருப்பார்கள், அவர்கள் பெயர் எந்த விவரப் பெட்டியிலும் இல்லை.

இவர்களோடு தொடர்பில் இருக்க ஒரே வழி போன். முன்பு எப்போதோ நிகழ்ச்சியில் வாங்கி வைத்த எண்ணுக்கு அழைத்து, எப்படி இருக்கீங்கண்ணே என்று கேட்பது, முடிந்ததை அனுப்புவது. டி.எம். கிருஷ்ணாவின் சுமனசா அறக்கட்டளை கலைஞர்களுக்காக நிதி திரட்டியபோது அதில் சேர்ந்துகொண்டவர்கள் பலர். தனி ரசிகர் எட்ட முடியாத கிராமத்துக் கலைஞர்களை அப்படிப்பட்ட முயற்சிகள் எட்டின.

2020 மார்கழி

அந்த டிசம்பர் சென்னைக்கு விசித்திரமான டிசம்பர். நகரத்துச் சபாக்களின் கூட்டமைப்பு “யுவர்ஸ் ட்ரூலி மார்கழி” என்று இணையத்தில் சீசன் நடத்தியது. மியூசிக் அகாடமியும் இணையத்துக்குப் போனது. காலம் காலமாக மார்கழி என்றால் கர்நாடக இசை, கேன்டீன் காபி, பட்டுப் புடவை என்றிருந்த ஊரில் அரங்குகள் காலியாக இருந்தன.

அந்த மார்கழியில்தான் நீலம் பண்பாட்டு மையம் முதன்முறையாக “மார்கழியில் மக்களிசை” நடத்தியது. கானா, ஒப்பாரி, பறை, நாட்டுப்புறப் பாட்டு, ராப் என்று சபாக்கள் உள்ளே விடாதவை அனைத்தும் மார்கழியின் பெயரிலேயே மேடையேறின. பதிவுகள் யூடியூபில் வந்தபோது நான் முதலில் செய்தது கிரெடிட் தேடியதுதான். ஒப்பாரி பாடிய அம்மாக்களுக்கும் பறை அடித்த அண்ணன்களுக்கும் பெயர் கிடைத்தது. என் நோட்டில் இருந்த ஓட்டையை ரசிகர் யாரும் அடைக்கவில்லை. மேடையை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்த ஓர் அமைப்புதான் அடைத்தது. அடுத்த ஆண்டு அதே நிகழ்ச்சி மதுரைக்கும் கோவைக்கும் போனது.

திறந்த பிறகு

2021 மே 10-ஆம் தேதி தமிழ்நாட்டில் மறுபடி முழு ஊரடங்கு. முதல் அலையில் இருந்த “சேர்ந்து தாங்குவோம்” என்ற துடிப்பு இரண்டாவதில் இல்லை. வாட்ஸாப்பில் பாட்டு லிங்க் வந்த இடத்தில் ஆக்சிஜன் படுக்கைக்கான வேண்டுகோள்கள் வந்தன. அந்த இரண்டு மாதம் யாரும் இசையைப் பின்தொடரவில்லை, பின்தொடர்ந்திருக்கவும் கூடாது. அந்த ஆண்டின் பின்பாதியில் மெல்ல வேலைகள் வெளிவந்தன. தி எஃப்16ஸ் புதிய இ.பி. (சில பாட்டுகள் கொண்ட சிறு தொகுப்பு) ஒன்றை வெளியிட்டார்கள். வீட்டில் எழுதிய பாட்டுகள் பொதுவாகவே கொஞ்சம் மாறியிருந்தன. டிரம்ஸுக்குப் பதில் கணினித் தாளம், குழுவுக்குப் பதில் தனிப்பெயர், மூன்று நிமிடத்துக்குள் முடியும் நீளம். ஜாம் ரூம் இல்லாததின் தடம் அது. பேண்டாக இருந்தவர்கள் பலர் தனியாளாகத் திரும்பி வந்தார்கள், எல்லோரும் மறுபடி ஒன்றுசேரவில்லை.

2022 ஜனவரியில் இன்னும் ஒரு சின்ன நிறுத்தம், அப்புறம் கோடையில் நிகழ்ச்சிகள் திரும்பின. நோட்டில் எழுதிய பெயர்களை ஒவ்வொன்றாக மேடையில் பார்க்க முடிந்தது. ஹெட்போனில் ரொம்பப் பிடித்த சிலர் மேடையில் தடுமாறினார்கள், அவர்கள் அதுவரை ஒருமுறைகூடக் கூட்டத்தின் முன் வாசித்ததில்லை. வீடியோவில் சாதாரணமாகத் தெரிந்த ஒரு குழு நேரில் அரங்கையே தூக்கிப்போட்டது.

எனக்குள் இருக்கும் ஒரே கோரிக்கை இப்போதும் நிகழ்ச்சி நடத்துபவர்களிடம்தான். பதிவைப் போடும்போது பாடியவர் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். பறை, சட்டி, டோல், பின்பாட்டு, ஒலியமைப்பு என்று மேடையில் நின்ற ஒவ்வொருவர் பெயரையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் விவரப் பெட்டியில் எழுதுங்கள். தமிழில் தேடுபவர் ஒருவர், ஆங்கிலத்தில் தேடுபவர் இன்னொருவர். ஊரும் போடுங்கள். பத்து நிமிட வேலை. மறுபடி எப்போதாவது கதவுகள் மூடினால், அந்தப் பத்து நிமிடத்தை வைத்துத்தான் ஒருவர் இன்னொருவரைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.